வீட்டுப் பிளான் வரையப் பழகுபவர்கள் விடும் பிழைகள்: மென்பொருள் சொல்லாமல் விடுபவை

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பிளான் வரையப் பழகும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். ஓட்டோகாட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்ற வரையும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் யூரியூப்பைப் பார்த்தே பிடித்துவிடுகிறார்கள். கை வேகமும் நல்ல வேகம். ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால், நாங்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகள்தான் வரிசையாக நிற்கின்றன. லேயர் பிரிக்காதது, கதவைத் தவறான பக்கம் திறக்கவிட்டது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அடிவாங்கித் தாமாகவே திருந்தும். எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் வராமல் அத்திவாரம் வரை போய்ச்சேரும் பிழைகளைப் பற்றித்தான் பேச்சு.

கோட்டைத் திருத்தாமல் இலக்கத்தைத் திருத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கொக்குவில் பக்கம் ஒரு வீடு. வேறு இடத்தில் வரைந்த பிளான். அத்திவாரம் வெட்ட நூல் கட்டிய பிறகு ஏதோ ஒத்துவரவில்லை என்று கோப்பை என்னிடம் கொண்டு வந்தார்கள். மேசன் வயதானவர், படம் வாசிக்கத் தெரிந்தவர். "தம்பி, தாளில இருக்கிற காணி இதில்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பைத் திறந்தேன். மேற்கு எல்லையில் 91 அடி 9 அங்குலம் என்று டைமென்ஷன், அதாவது அளவுக் குறிப்பு, போட்டிருந்தது. சேர்வேயரின் பிளானிலும் அதுதான். சரி என்று விட்டிருப்பேன். ஏதோ உறுத்த, அந்த டைமென்ஷனைத் தொட்டு புரொப்பர்ட்டீஸைப் பார்த்தேன். மெஷர்மென்ட் என்ற இடத்தில் 94 அடி. அதற்குக் கீழே டெக்ஸ்ட் ஓவர்ரைட் என்ற கட்டத்தில் 91 அடி 9 அங்குலம் என்று கையால் அடித்திருந்தது. கோடு 94 அடி நீளத்தில் கிடக்கிறது, அதன் மேல் எழுதியிருப்பது வேறு இலக்கம்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வீடு, குசினிக்குப் பின்னால் விட்ட வெளி, மலக்குழி, அடுத்த வளவுக் கிணற்றிலிருந்து அதற்குள்ள தூரம் எல்லாம் அந்த 94 அடிக்குள்தான் அடுக்கப்பட்டிருந்தன. நிலத்தில் 2 அடி 3 அங்குலம் இல்லை. வீட்டை முன்னுக்குத் தள்ளினால் ஒழுங்கைப் பக்கம் விடவேண்டிய இடம் குறைகிறது. பின்னுக்கு விட்டால் குழி கிணற்றுக்குக் கிட்டப் போகிறது. எங்கள் ஊரில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். குழியில் விட்டது வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீருக்குப் போய்விடும். அந்தத் தூரத்தில் சபை விட்டுக்கொடுக்காது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. கடைசியில் பிளானை மாற்றி, திரும்ப அனுமதிக்குக் கொடுத்து, வெட்டின கிடங்கை மூடி... அதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டது. கொட்டிலில் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகளில் பாதி கட்டியாகிவிட்டன. காசு அனுப்பிய அண்ணன் கனடாவிலிருந்து ஒவ்வொரு இரவும் போன் எடுத்தார்.

அந்தப் பிளானை வரைந்த பிள்ளை ஏன் அப்படிச் செய்தது என்பதும் தெரிந்ததுதான். வீட்டுக்காரர் சேர்வேயர் பிளானை வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதை உள்ளே போட்டு, ஒழுங்கைப் பக்க எல்லையை மட்டும் சரியான நீளத்துக்கு ஸ்கேல் பண்ணி, மற்றப் பக்கங்களை மேலால் கீறியிருக்கிறது. போனைச் சற்றுச் சரித்துப் பிடித்தாலே தாளின் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுக்கும். ஒரு பக்கம் ஒத்துவந்தால் மற்றவையும் ஒத்துவரும் என்ற உறுதி இல்லை. ஒத்துவராத பக்கத்தில் இலக்கத்தை அடித்து மூடிவிட்டார்கள்.

ரெவிட்டில் இப்படிச் செய்ய முடியாது. டைமென்ஷனுக்கு மேல் வெறும் இலக்கத்தை அடித்தால் அது மறுத்துவிடும். அதையும் ஏமாற்ற, இலக்கத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்க்கும் குறுக்குவழியை ஆளுக்காள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூட்டைப் போட்டவர் காரணத்தோடுதான் போட்டிருக்கிறார்.

வேறொருவரின் ஓட்டோகாட் கோப்பு கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இதுதான்: குவிக் செலக்டில் டைமென்ஷன்களை எடுத்து, டெக்ஸ்ட் ஓவர்ரைட் வெறுமையாக இல்லாதவை எவை என்று தேடுவேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக்கினால் உண்மையான அளவு திரும்பி வரும். ஓட்டோகாட்டோடு வரும் எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்ற துணைக் கருவிகள் இருந்தால், டிம்ரீஅசொக் என்று அடித்து எல்லாவற்றையும் ஒரேயடியாக மீட்கலாம். வருகிற இலக்கங்களைப் பார்த்து வயிறு கலங்கும். அது தாளில் கலங்குவதே நல்லது.

நான்கு பக்கமும் தெரிந்தால் காணி வந்துவிடாது

படத்தின் மேல் கீறாமல் அளவைப் பார்த்தே வரைபவர்கள் விழும் குழி இது. நான்கு பக்க நீளத்தை மட்டும் வைத்து நாற்கோணம் ஒன்றை நிலைநிறுத்த முடியாது. அதே நான்கு நீளத்தில் காணி இடப்பக்கமும் சரியும், வலப்பக்கமும் சரியும். ஒரு மூலைவிட்டம் வேண்டும், இல்லாவிட்டால் சேர்வேயர் தந்த கோணங்கள் வேண்டும். மூலைவிட்டம் கிடைத்தால், தெரிந்த இரண்டு மூலைகளிலிருந்தும் தெரிந்த நீளங்களை ஆரையாக வைத்து வட்டம் போட்டு, வெட்டுகிற இடத்தில் மூன்றாவது மூலையை வையுங்கள். பிளானில் அது இல்லை என்றால் நாடாவைத் தூக்கிக்கொண்டு காணிக்குப் போங்கள். அல்லது சேர்வேயரிடம் காட் கோப்பையே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

அப்புறம் ஏரியா கட்டளையைப் போட்டுப் பரப்பளவைப் பாருங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இரண்டு பரப்புக் காணி என்றால் 5,445 சதுர அடி, மீற்றரில் ஏறக்குறைய 506 சதுர மீற்றர். உங்கள் எல்லைக்கோடு 5,600 காட்டினால் காணி உறுதியில் பிழை என்று சொல்ல ஓடாதீர்கள். முதலில் உங்கள் கோட்டைப் பாருங்கள்.

சேர்வேயரின் கோப்பில் வீட்டை அப்படியே வரையத் தொடங்குவது

காட் கோப்புக் கிடைத்தவுடன் இன்னொரு தொல்லை. இலங்கையின் 1999ஆம் ஆண்டு ஆள்கூற்று முறையில் தொடக்கப்புள்ளி பிதுருதலாகல மலை. அந்தப் புள்ளிக்கே கிழக்கு 5 இலட்சம், வடக்கு 5 இலட்சம் மீற்றர் என்று இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் யாழ்ப்பாணத்துக் காணி ஒன்று கிழக்கே 4 இலட்சத்துக்குச் சற்று மேலும், வடக்கே 8 இலட்சத்துக்குக் கிட்டவும் வரும். மென்பொருளின் பூச்சியத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி நின்று அரை அங்குலத்தில் வீடு வரைந்தால் அது தடுமாறும். ஸ்கெட்ச்அப்பில் கிட்டப் போகும்போது சுவர் வெட்டுப்பட்டு மறையும், விளிம்பு நடுங்கும். ஓட்டோகாட்டில் ஹாட்ச், அதாவது ஓர் இடத்தைக் கோடுகளால் நிரப்புவது, நிரம்பாது. பிள்ளைகள் உடனே கிராபிக்ஸ் கார்டைக் குறைசொல்லி, கணினியை மாற்ற வீட்டில் காசு கேட்கிறார்கள்.

ஓர் எல்லைக் கல்லைப் பிடித்து முழுப் படத்தையும் பூச்சியத்துக்கு நகர்த்துங்கள். அந்தக் கல்லின் பழைய ஆள்கூறுகளைப் படத்திலேயே ஒரு மூலையில் எழுதிவையுங்கள். திசையைத் திருப்பவேண்டாம், வடக்கு வடக்காகவே இருக்கட்டும். அலகையும் அப்போதே பாருங்கள். சேர்வேயர் மீற்றரில் தருவார், மேசன் அடியில் கேட்பார். மீற்றர்க் கோப்பை அங்குலக் கோப்புக்குள் போட்டு, அலகு பொருந்தாமல் காணி குட்டியாக வந்தால், கண் மதிப்பில் இழுக்காமல் 39.37ஆல் பெருக்குங்கள்.

பூச்சை மறப்பது

வீட்டுக்காரர் மனையடி பார்த்து, அறைக்கு உள்ளளவு 11 அடி வேண்டும் என்கிறார். நீங்கள் கல்லுக்குக் கல் 11 அடி வைக்கிறீர்கள். இரண்டு பக்கமும் எட்டில் ஐந்து அங்குலம் பூசியதும் அறை 10 அடி 10¾ அங்குலம். குடிபூரலுக்கு முதல் நாள் நாடா பிடிக்கும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

ரெவிட்டில் சுவர் வகையைப் பூச்சோடு சேர்த்து உருவாக்குங்கள். சுவரை எந்தக் கோட்டில் பிடித்து வரைவது என்று சொல்லும் லொகேஷன் லைனை நடுக்கோட்டில் விடாமல் உட்புறப் பூச்சு முகத்துக்கு மாற்றிவிட்டு வரையுங்கள். நடுக்கோட்டில் வரைந்துவிட்டுப் பிறகு 4 அங்குலக் கல்லை 6 அங்குலமாக மாற்றினால், சுவர் இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் வீங்கும்; இரண்டு சுவருக்கு நடுவிலுள்ள அறை 2 அங்குலம் இழக்கும். இரண்டு அறைக்குப் பொதுவான சுவரில் இந்த வித்தை ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். மற்ற அறையை அளந்தே பார்க்கவேண்டும்.

பாமினியில் எழுதிய குறிப்பு

உங்கள் கணினியில் "விறாந்தை" என்று தெரிவது, பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் எழுதுங்கள், வெளியே அனுப்புவதைப் பிடிஎப்பாக அனுப்புங்கள்.

பிட் டு பேப்பர்

படத்தைத் தாளுக்குள் அடங்கச் சுருக்கி அச்சடிக்கும் இந்தத் தெரிவு அளவுத்திட்டத்தைக் குலைத்துவிடும். அனுமதிக்குப் போகும் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

எக்ஸ்ரெப் இல்லாமல் கோப்பை மட்டும் அனுப்புவது

எக்ஸ்ரெப் என்பது உங்கள் கோப்பு வெளியிலிருந்து இணைத்துக் காட்டும் வேறொரு கோப்பு. அவற்றையும் சேர்த்துக் கட்டி அனுப்ப ஓட்டோகாட்டில் ஈடிரான்ஸ்மிட் என்று ஒரு கட்டளை இருக்கிறது.

கரண்ட் போனதும் அழுவது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போது பழகியவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டோகாட்டின் தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வரும், அதை ஐந்தாகக் குறையுங்கள். அது தற்காலிகக் கோப்புறையில் விட்டுவைக்கும் கோப்பின் பெயர்முடிவை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் திறக்கும். ஸ்கெட்ச்அப்பில் எஸ்.கே.பி. என்று இரண்டு விதமான முடிவுகள் தமிழில் ஒரேமாதிரி ஒலிக்கும். கடைசி எழுத்து 'புக்' என்பதில் வரும் 'பி'யாக இருப்பதுதான் காப்புப் பிரதி. அதை 'பேப்பர்' என்பதில் வரும் 'பி'யாக மாற்றித் திறவுங்கள்.