வாய்விட்டுப் படித்த மாதம்

மூன்று வருடமாக ஒரு நாவலையும் நான் முடிக்கவில்லை. படுத்ததும் கை போனுக்குப் போய்விடும். போன மாதம் இரவு ஒன்பதுக்கே அதை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு, தலைமாட்டில் புத்தகம் மட்டும் வைத்தேன்.

எடுத்தது 1991இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’. நான்கு நாளாகப் பத்துப் பக்கம் தாண்டவில்லை. அந்தக் கரிசல் வட்டாரப் பேச்சு கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. சரி, வாய்விட்டுப் படிப்போம் என்று தொடங்கினேன். திண்ணையில் உட்கார்ந்து யாரோ கதை சொல்வதுபோல ஓடத் தொடங்கியது. சத்தம் கேட்டு அம்மா வந்து, “அந்த இடத்தை மறுபடி படி” என்று கட்டிலோரம் உட்கார்ந்தார்.

அப்புறம் தினமும் இருவருக்குமாகத்தான் படித்தேன். மாதக் கடைசியில் இரண்டு புத்தகம் முடிந்தன. மூன்றாவதை நூலகத்தில் அம்மாவே தேர்ந்தெடுத்தார்.