வீட்டு வரைபடம் வாங்கும் முன் அதற்குள் ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள்

வீடு கட்டப் போகிறவர்கள் ஆசையோடு எடுத்து நீட்டும் வரைபடத்தில் முதல் பக்கம் பெரும்பாலும் வண்ணப் படமாகவே இருக்கும். நீல வானம், பச்சைப் புல்தரை, வாசலில் ஒரு கார், இரு பக்கமும் அக்கம்பக்கத்து வீடுகளே இல்லாத வெட்டவெளி. "இந்த முகப்பைப் பார்த்ததும் பிடித்துவிட்டது" என்பார்கள். நான் பக்கத்தைப் புரட்டிவிட்டு முதலில் கேட்பது, "உங்கள் மனையின் அகலம் எவ்வளவு?" என்றுதான். பலருக்குச் சட்டென்று பதில் வராது. சிலர் இன்னும் மனையே வாங்கியிருக்க மாட்டார்கள்.

முகப்பை வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும்போது சில நொடிகள் பார்ப்போம். மற்ற நேரமெல்லாம் உள்ளேதான் இருப்போம். பணம் கட்டுவதற்கு முன் பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்து, காலையில் எழுவது முதல் இரவு விளக்கணைப்பது வரை ஒரு முழு நாளை அந்தத் தாளுக்குள் வாழ்ந்து பார்த்துவிட வேண்டும். நான் கண்ட தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாலைப் பொழுதில் பிடிபட்டிருக்கும்.

மனைக்கு முன்பே வரைபடமா?

முதல் தவறு இதுதான். மிகவும் செலவு வைப்பதும் இதுதான். மனையின் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி இரு பக்கமும் 1.5 மீட்டர் காலியாக விட வேண்டுமானால், கட்ட மிஞ்சுவது 9 மீட்டர். பிடித்துப்போன வரைபடமோ 10.5 மீட்டர் அகலம். "ஒன்றரை மீட்டர்தானே, சுருக்கிக்கொள்ளலாம்" என்று சொல்வது எளிது. எந்த அறையில் சுருக்குவது? படுக்கையறையில் எடுத்தால் அலமாரி போகும். நடைவழியில் எடுத்தால் இருவர் எதிரெதிரே வர முடியாது. படிக்கட்டில் எடுக்கவே முடியாது. எத்தனை மீட்டர் விட வேண்டும், எவ்வளவு உயரம் எழுப்பலாம், மனைப் பரப்பில் எத்தனை பங்கு கட்டலாம் என்பவை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மனைக்குரிய விதியை அனுமதி தரும் அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்ட பிறகே வரைபடம் தேடத் தொடங்குங்கள்.

அகலம் மட்டுமல்ல, தரையின் ஏற்ற இறக்கமும் வரைபடத்தைத் தீர்மானிக்கும். விற்பனைக்கு வரும் ஆயத்த வரைபடங்களில் பெரும்பாலானவை சமதளத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. முன்னிருந்து பின்னுக்கு ஒரு மீட்டர் சரியும் மனையில் அதே வீட்டைக் கட்டினால், பின்பக்க அடித்தளச் சுவர் ஒரு மீட்டர் கூடுதலாக எழும்பும். உள்ளே மண் நிரப்ப வேண்டும். பின்வாசலுக்குப் படிகள் சேரும். கழிவுநீர்க் குழாயையும் மறந்துவிடக் கூடாது. 50 அடி நீளத்துக்கு ஓரடி என்ற சாய்வில் குழாய் பதித்தால், 20 மீட்டர் தொலைவில் அது 40 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். தெருவிலுள்ள சாக்கடை அதைவிட மேலே இருந்தால் என்ன செய்வது? கழிப்பறையை வீட்டின் எந்த மூலையில் வைப்பது என்பது பல நேரங்களில் இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. மனைவியோ கணவரோ விரும்பும் இடத்தில் அன்று.

வெயிலையும் பாருங்கள். வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா? ஆயத்த வரைபடத்தில் பெரும்பாலும் அது இருக்காது. எந்த மனையில் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது வரைந்தவருக்குத் தெரியாதே. அதை நீங்கள்தான் வரைய வேண்டும். மாலை வெயில் மேற்குச் சுவரில் தாழ்வாக, நேராக வந்து விழும். ஜன்னலுக்கு மேலே நீட்டிய சிறு கூரையால் அதைத் தடுக்க முடியாது. நடுப்பகல் வெயில் ஆண்டின் பெரும்பகுதி உலகின் வட பாதியில் தெற்கிலிருந்தும், தென் பாதியில் வடக்கிலிருந்தும் வரும். ஆகவே ஒரு நாட்டில் வரைந்த வரைபடத்தை இன்னொரு நாட்டில் கட்டும்போது, வெளிச்சம் வர வேண்டிய ஹால் இருட்டாகிப்போகக்கூடும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. கார் நிறுத்துமிடம் வலப்பக்கம் வேண்டும் என்பதற்காக வரைபடத்தை இடவலமாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். வாசல் வடக்கோ தெற்கோ பார்த்த வீடாக இருந்தால், அப்படித் திருப்பும்போது கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிடும். காலை வெயிலுக்கென்று அமைத்த படுக்கையறை மாலை வெயிலில் வேகும். திருப்பிய வரைபடம் வாங்குவதென்றால் எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்கும்படி இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் மொத்தத் தாளையும் புரட்டி அச்சிட்டுக் கொடுத்தால், கட்டுமிடத்தில் அதைத் தவறில்லாமல் படிக்க யாராலும் முடியாது.

பரப்பளவு என்ற ஒற்றை எண்

"மொத்தம் 120 சதுர மீட்டர்" என்று போட்டிருக்கும். எதற்கு 120? வெளிச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளந்ததா, உள்ளே நடக்கும் தரையை மட்டும் அளந்ததா? பால்கனியும் கார் நிறுத்துமிடமும் சேர்ந்ததா? 10 மீட்டருக்கு 12 மீட்டர் என்ற ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் 23 சென்டிமீட்டர் தடிமன் என்றால் உள்ளளவு 9.54க்கு 11.54, அதாவது ஏறக்குறைய 110 சதுர மீட்டர். வெளிச்சுவர் மட்டுமே 10 சதுர மீட்டரை எடுத்துக்கொண்டது. 3 மீட்டருக்கு 3.3 மீட்டர் படுக்கையறை ஒன்றின் பரப்பு அது. உட்சுவர்களும் படிக்கட்டும் நடைவழியும் இன்னும் கணக்கில் வரவில்லை. இரண்டு வரைபடங்களை ஒப்பிடுகிறவர்கள் இந்த மொத்த எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வோர் அறையின் உள்ளளவையும் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும்.

வடிவமும் செலவைக் கூட்டும். 10க்கு 12 வீட்டின் சுற்றளவு 44 மீட்டர். அதே 120 சதுர மீட்டரை 6க்கு 20 என்று நீட்டினால் சுற்றளவு 52 மீட்டர். தரைப்பரப்பு கூடாமலேயே எட்டு மீட்டர் சுவர் கூடிவிட்டது. முகப்பு அழகுக்காக உள்ளே தள்ளியும் வெளியே தள்ளியும் வரைந்த ஒவ்வொரு மடிப்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கூரையில் இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளங்கள்தான் மழைநீர் கசிய முதல் இடம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்கள் கட்டிலை நீங்களே வரையுங்கள்

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் கட்டிலையும் சோபாவையும் நம்பாதீர்கள். அறை பெரிதாகத் தெரிவதற்காக அவற்றைச் சிறிதாக வரையும் வழக்கம் உண்டு. இப்போது பயன்படுத்தும் கட்டிலையும் அலமாரியையும் டேப் பிடித்து அளந்து, அதே அளவுவிகிதத்தில் காகிதத்தில் வெட்டி, அறைக்குள் வைத்துப் பாருங்கள்.

மேலே சொன்ன 3க்கு 3.3 மீட்டர் அறையையே எடுப்போம். 1.8 மீட்டர் அகலக் கட்டிலை நடுவில் போட்டால் இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் மிஞ்சும். ஓர் ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். கட்டில் நீளம் 2 மீட்டர் போக, கால்மாட்டில் 1.3 மீட்டர். அங்கே 60 சென்டிமீட்டர் ஆழ அலமாரியை வைத்தால் 70 சென்டிமீட்டர் மீதி. அலமாரிக் கதவு 50 சென்டிமீட்டர் திறக்கும். திறந்தபடி நிற்க இடமில்லை. அறைக்கதவு வேறு உள்நோக்கித் திறக்க வேண்டும். தாளில் தாராளமாகத் தெரிந்த அறை இப்படித்தான் நெருக்கடியாகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு வெற்றுத்தரையில் சாக்பீஸால் அறையை உண்மையளவில் வரைந்து, உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

பிறகு நடங்கள். ஒவ்வொரு கதவும் திறக்கும் கால்பங்கு வட்டத்தை வரைந்து, இரண்டு கதவுகள் மோதுகின்றனவா, விளக்கின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மறைகிறதா என்று பாருங்கள். கனமான பைகளோடு வாசலிலிருந்து சமையலறைக்கு எந்த வழியாகப் போவீர்கள்? சலவை இயந்திரம் யாருடைய தலைமாட்டுச் சுவரில் அதிரும்? துவைத்த துணி எங்கே காயும்? விருந்தினர் கைகழுவப் போனால் படுக்கையறை வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறதா?

படிக்கட்டை எண்ணிப் பாருங்கள் என்று நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் 3 மீட்டர் உயரம் என்றால், 18 ஏற்றங்கள் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரங்கள்) வைத்தால் ஒவ்வொன்றும் 16.7 சென்டிமீட்டர். வரைபடத்தில் 12 ஏற்றங்கள்தான் என்றால் ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர். ஏறும் முழங்கால் அதை வாழ்நாள் முழுதும் சொல்லும். இரண்டு ஏற்றங்களின் உயரத்தையும், கால் வைக்கும் மிதி ஒன்றின் அகலத்தையும் கூட்டினால் 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் மனித நடையை வைத்து வகுத்த விதியிலிருந்து வந்தது. இன்றும் அது வழக்கில் இருக்கிறது. 16.7 உயரத்துக்கு 28 சென்டிமீட்டர் மிதி என்றால் கூட்டுத்தொகை 61.4, சரியாக இருக்கிறது. கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால் அந்த 18 ஏற்றங்களுக்கு 17 மிதிகள், நேராகப் போட்டால் 4.76 மீட்டர் நீளம் வேண்டும். இடம் போதாத வரைபடங்களில்தான் படிகள் காணாமல் போகின்றன.

வெளிச்சத்துக்கு ஒரு கைக்கணக்கு: ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே வந்து பயன்படும். 2.1 மீட்டர் உயரம் என்றால் நான்கிலிருந்து ஐந்து மீட்டர். ஒரே பக்கம் ஜன்னல் வைத்த ஏழு மீட்டர் ஆழ ஹாலில் கடைசி இரண்டு மீட்டருக்குப் பகலிலும் விளக்கு வேண்டும்.

முதுமையையும் தாளில் கொண்டுவாருங்கள். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இல்லாத மாடி வீட்டை, கால் ஒடிந்த ஒருவர் ஆறு வாரம் எப்படிப் பயன்படுத்துவார்? சக்கர நாற்காலி ஒரே இடத்தில் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். குளியலறைக் கதவை இப்போதே அகலமாக வைப்பதற்குக் கூடுதலாக ஆகும் செலவு மிகக் குறைவு. பிறகு சுவரை இடிப்பது அப்படியல்ல.

மாடி இருந்தால் இரண்டு தளங்களின் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மேல்தளச் சுவர் கீழே சுவரோ உத்திரமோ இல்லாத இடத்தில் நிற்கிறதா? மேல் குளியலறை கீழே சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே இருக்கிறதா? இது இரண்டு நிமிட வேலை.

பணம் கட்டும்போது

தரைத்தளப் படம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் வீடு கட்டிவிடலாம் என்று நினைப்பது பரவலான தவறு. கட்டுவதற்கு அளவுகளோடு கூடிய தளப் படங்கள், நான்கு பக்கத் தோற்றங்கள், வீட்டை நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டிக் காட்டும் படங்கள், அடித்தளம், கூரை, கம்பி விவரத்தோடு தூண்-உத்திரப் படங்கள், கதவு ஜன்னல் பட்டியல், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் எல்லாம் வேண்டும். ஆயத்த வரைபடத் தொகுப்பில் இவற்றில் எவை உண்டு, எவை இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் மண்ணின் தாங்குதிறனுக்கும், உங்கள் பகுதியின் காற்றுக்கும் நில அதிர்வுக்கும் ஏற்ற கணக்கு அதில் இருக்க வழியில்லை. மண் பரிசோதனை செய்து, உங்கள் ஊரில் கையொப்பமிடும் உரிமையுள்ள பொறியாளரைக் கொண்டு அதைத் தனியே செய்ய வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்க்காமல் "ஆயத்த வரைபடம் மலிவு" என்று முடிவு கட்ட வேண்டாம்.

வாங்குவது தாளைத்தான், வடிவமைப்பின் உரிமையை அன்று. பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும்; உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வீட்டை ஒரு முறை கட்டும் அனுமதி. தம்பிக்கும் அதையே கட்ட நினைத்தால் முன்பே கேட்டுவிடுங்கள். மாற்றங்கள் வேண்டுமென்றால் அச்சிடத்தக்க பிடிஎஃப் போதாது, திருத்தக்கூடிய கணினிக் கோப்பு வேண்டும். அதற்குப் பெரும்பாலும் விலை கூடுதல். கோப்பு அனுப்பிய பிறகு பணம் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே மாற்றங்களை எல்லாம் ஒரே பட்டியலாக எழுதி, கட்டப்போகும் ஒப்பந்ததாரரிடமும் பொறியாளரிடமும் காட்டி, உத்தேசச் செலவைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு வாங்குங்கள். தூண்-உத்திரக் கணக்கு முடிந்த பின் ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால் கணக்கு முழுவதும் மறுபடி தொடங்கும்.

அளவுகளில் ஒரு எச்சரிக்கை. 10 அடி 11 அங்குலத்தை யாராவது 10.11 என்று எழுதி, அதை இன்னொருவர் தசம எண்ணாக, பத்து புள்ளி ஒன்று ஒன்று அடி என்று படித்தால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் காணாமல் போகும். அளவுமுறை எது என்று ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். ஏ1 தாளுக்கு வரைந்ததை, நீளமும் அகலமும் அதில் பாதியான ஏ3 தாளில் அச்சிட்டால் 1:50 (தாளில் ஒரு சென்டிமீட்டர், உண்மையில் 50 சென்டிமீட்டர்) என்பது 1:100 ஆகிவிடும். ஓரத்தில் அச்சான விகிதம் மட்டும் மாறாமல் 1:50 என்றே நிற்கும். எனவே கட்டுகிறவர்களிடம், அளவுகோலை வைத்து அளக்காமல், எழுதிய எண்ணை மட்டும் நம்பச் சொல்லுங்கள். எண் இல்லாத இடத்தில் வரைந்தவரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தாளில் தேதியும் திருத்த எண்ணும் இருக்கட்டும். புதுத்தாள் வந்த அன்றே பழையதைக் கட்டுமிடத்திலிருந்து திரும்ப எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, மனையில் கயிறு கட்டிக் கோடு போடும் நாள். திறந்த வெளியில் அறைகள் எல்லாம் மிகச் சிறியதாகத் தெரியும். சுவரும் கூரையும் எழும்பாதவரை கண் அப்படித்தான் ஏமாறும். பதறிப்போய் "இந்த அறையை அரை மீட்டர் கூட்டுங்கள்" என்று அங்கேயே சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அரை மீட்டரால் தூண்கள் இடம் மாறும், அனுமதி வாங்கிய படத்துக்கும் கட்டடத்துக்கும் பொருத்தமில்லாமல் போகும். அன்று சரிபார்க்க வேண்டியது வேறு: 10க்கு 12 மீட்டர் செவ்வகம் என்றால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளும் 15.62 மீட்டர் வர வேண்டும். இரண்டும் சமமாக வந்தால் மூலைகள் சரியாக இருக்கின்றன. தோண்டச் சொல்லலாம்.