ப்ளே ஸ்கூல் பைக்குள் ஐந்து படங்கள்

பெங்களூரில் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ப்ளே ஸ்கூலில் ஆங்கிலம். ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ உள்ள குழந்தைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்பதை வாயால் மட்டும் சொன்னால் போதாது. படம் மூன்று மொழிக்கும் பொது.

செருப்பு கழற்றும் இடம், விளையாட்டுப் பாய், டிபன் டப்பா, கழிவறை, வீட்டுக்கு வரும் வேன். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு இவற்றை அங்கேயே போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். இணையத்துக் கார்ட்டூன் படம் வேண்டாம். தன்னுடைய அதே டப்பாவைப் பார்த்தால்தான் சில பிள்ளைகளுக்குப் பிடிபடும். பின்னால் வெல்க்ரோ வைத்து, ஓர் அட்டையில் நடக்கும் வரிசைப்படி மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து உறையில் போடட்டும். (அந்த 'சர்ர்' சத்தத்துக்காகவே வேலையை முடிக்கும் வாண்டுகள் உண்டு!) ஐந்து அதிகமென்றால் இரண்டு போதும்: முதலில் இது, அப்புறம் அது.

பள்ளிக்கு ஒரு செட், வீட்டுக்கு ஒரு செட்.

"வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. குழந்தையின் பேச்சு பற்றிச் சந்தேகம் இருந்தால், பெங்களூரிலேயே உள்ள மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது குழந்தையை வீட்டில் எடுத்த சின்ன வீடியோ ஒன்றும் கையில் இருக்கட்டும்.