கப்பலேறிப் போன முன்னோரைத் தேடுவது எப்படி?

கொள்ளுத்தாத்தா பெயரை நேராக இணையத்தில் தட்டித் தேடாதீர்கள். அதே பெயரில் பலர் வருவார்கள், யாரோ ஒருவரை நம்மவர் என்று நினைத்துவிட்டால் அதற்குமேல் நீங்கள் கண்டுபிடிப்பதெல்லாம் வேறொரு குடும்பத்தின் வரலாறு. உங்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள்.

முதலில் வீட்டுப் பெரியவர்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. "எந்த வருஷம் வந்தார்?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "வந்த புதிதில் யார் வீட்டில் தங்கினார், வேலை வாங்கிக் கொடுத்தது யார்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஓர் ஊரிலிருந்து ஒருவர் போனால் அவர் பின்னாலேயே உறவும் அக்கம்பக்கமும் போவதுதான் வழக்கம், உங்கள் ஆளின் தடம் விட்டுப்போன இடத்தில் அவருடைய தம்பியோ கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரோ சொந்த ஊரைக் காட்டிக்கொடுப்பார்.

அப்புறம் திருமண, இறப்புச் சான்றிதழ்கள், குடியுரிமைத் தாள்கள். அமெரிக்கா போனவர் என்றால் 1906-க்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பத்தைத் தேடுங்கள், பிறந்த ஊரும் வந்த கப்பலும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இப்படிப்பட்ட பதிவுகள் ஏராளம், காசு கட்ட வேண்டாம்.

நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில், அதிகாரி பெயரையே மாற்றிவிட்டார் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். ஆனால் பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி, அதுவும் புறப்பட்ட துறைமுகத்திலேயே. தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைப் பெரும்பாலும் பிற்பாடு குடியேறியவர்களே மாற்றிக்கொண்டார்கள். அதனால் பட்டியலில் பழைய பெயரைத் தேடுங்கள்.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் எனக்கு மலைப்பூட்டுபவை. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். எல்லாம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது, ஆகவே எழுத்துக்கூட்டலை நம்பாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், புரியாத ஊர்ப் பெயர் சட்டென்று பிடிபடும்.

சில ஆவணங்கள் கிடைக்கவே கிடைக்காது: அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921 தீவிபத்திலும் அதற்குப் பிறகுமாகப் பெரும்பாலும் அழிந்துவிட்டது, அயர்லாந்தின் டப்ளின் ஆவணக் காப்பகம் 1922-ல் எரிந்தது. அங்கெல்லாம் தேவாலயப் பதிவேடுகளும் நிலப் பத்திரங்களும்தான் கதி. வயது ஆவணத்துக்கு ஆவணம் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே இருக்கும், அதற்காக ஆளை ஒதுக்கிவிட வேண்டாம், ஊரும் உடன்பிறந்தவர்களும் பொருந்துகிறார்களா என்று பாருங்கள்.