இரையும் ஆம்ப்ளிஃபயரும் வீட்டு எர்த்தும்

ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும், பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் எழுந்தால், பலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது அதை இரண்டு பின் அடாப்டரில் சொருகிவிடுகிறார்கள். இரைச்சலும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே பேஸ் ஒயர் (மின்சாரம் வரும் ஒயர்) காப்பு இழந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் வழியே பெருமின்னோட்டம் ஓடி எம்சிபியை (மின்னோட்டம் மிகும்போது தானாகவே அணையும் சுவிட்சை) விழச் செய்யும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டும் பெட்டியிலேயே நிற்கும், தொடுகிறவரின் உடலே அதற்கு வழியாகும். சொருகும்போது எல்லாவற்றுக்கும் முன்பே இணைய வேண்டும் என்பதற்காகத்தான் எர்த் பின்னை நீளமாகச் செய்திருக்கிறார்கள்.

முதலில் சுவிட்ச் போர்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று துளை இருப்பதாலேயே மேல் துளைக்குள் பச்சை ஒயர் வந்திருக்கும் என்று நம்ப முடியாது. தண்ணீர்க் குழாயோடு எர்த்தை இணைத்திருந்த பழைய வீடுகளில், குழாயை பிவிசியாக மாற்றிய அன்றே எர்த்தும் போய்விட்டது. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயருக்கும்) எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், யாரோ போர்டுக்குள்ளேயே இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் போர்டுக்கு வரும் வழியில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஆம்ப்ளிஃபயரின் பெட்டி முழுவதும் பேஸாகிவிடும். பெட்டியில் விரல் பட்டால் சுருசுருவென்று இருப்பதும் பெரும்பாலும் எர்த் இல்லாததன் அடையாளமே.

எர்த் சரியாக இருந்தும் இரைந்தால், காரணம் பெரும்பாலும் எர்த் வளையம்: இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த்தைத் தொட்டு, ஆடியோ கேபிளாலும் இணைந்திருக்கும்போது, அந்தக் கேபிளின் உறை வழியே சிறு மின்னோட்டம் ஓடி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. வால்யூமைக் குறைத்துவிட்டு, உள்ளீட்டுக் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் இரைச்சல் நிற்கிறதோ, அங்கேதான் குற்றவாளி. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் செட்டாப் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயர்தான். அதற்கென்றே கிடைக்கும் ஐசோலேட்டரை அந்த ஒயரில் போட்டால் போதும். கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் ஆடியோ கேபிளின் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். இவை வளையத்தைச் சிக்னல் பக்கத்தில் உடைக்கின்றன, எர்த்தைத் தொடுவதில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து போட்டாலே பாதி வீடுகளில் தொல்லை தீர்ந்துவிடும். ரெக்கார்டு பிளேயர் என்றால், அதன் பின்னால் தொங்கும் மெல்லிய தனி ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் இறுக்கினீர்களா என்று முதலில் பாருங்கள்.

இத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் கட்டாயம் போடுங்கள். எர்த் இருந்தால் கசிவு வந்ததுமே, யாரும் தொடும் முன்பே அது விழும். எர்த் இல்லையென்றால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பொத்தான் ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கிறது. வீட்டு எர்த்தைத் தனியாகத்தான் அளந்து பார்க்க வேண்டும்.