வார்டு இன்சார்ஜ் கையில் இருக்கும் இரண்டு: ரோஸ்டரும் ஹேண்ட்ஓவரும்

நேற்றுவரை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் இன்று முதல் இன்சார்ஜ் சிஸ்டர். ஆள் எடுப்பதும் மாற்றுவதும் மேலிடத்து வேலை. உங்கள் கையில் முழுசாக இருப்பவை யாருக்கு எப்போது டியூட்டி என்று போடும் ரோஸ்டரும், ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரும்தான். முதல் மாதம் வேறெதையும் மாற்றாமல் இவற்றை மட்டும் சரிசெய்யுங்கள்.

ரோஸ்டர் போடும் முன் ஆள் கணக்கு பாருங்கள். காலைக்கு 4, மதியத்துக்கு 3, இரவுக்கு 2 பேர் என்றால் நாளைக்கு 9 டியூட்டி, வாரத்துக்கு 63. வார ஆஃப் போக ஒருவர் 6 டியூட்டி பார்ப்பார். ஆக 11 பேர் வேண்டும். இது யாருமே லீவு எடுக்காத வார்டுக்கான கணக்கு. லீவு எடுப்பவர்களுக்குப் பதிலாக வைக்கும் வழக்கமான 30 சதவீத லீவு ரிசர்வைச் சேர்த்தால் 14. நைட் டியூட்டிக்குப் பிறகு தரும் ஆஃப் கூடுதலாக இருந்தால் இன்னும் ஏறும். 11 பேரை வைத்து ஓட்டுகிறீர்களா? நர்சிங் சூப்பிரண்டிடம் வாய்வார்த்தையாகப் புலம்பாமல், இந்தக் கணக்கையும் கடந்த 3 மாதத்தில் எத்தனை பேர் டபுள் டியூட்டி பார்த்தார்கள் என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

புதிதாகச் சேர்ந்த இருவரை ஒரே நைட்டில் போடாதீர்கள். தீபாவளி, பொங்கல், மாசி மகம், வீராம்பட்டினம் தேர் என்று யார் எந்த நாளில் லீவு எடுத்தார்கள் என்பதற்குத் தனி நோட்டு வையுங்கள். சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். போன வருடம் யாருக்குக் கிடைத்தது என்று எழுத்தில் இருந்தால் பாதி அடங்கிவிடும்.

ஹேண்ட்ஓவருக்கு வருவோம். ஸ்டேஷனில் உட்கார்ந்து ரிப்போர்ட் புக் வாசிப்பது போதாது. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். 1-ஆம் கட்டிலில் தொடங்காமல் மிக மோசமாக இருக்கும் நோயாளியிடம் தொடங்குங்கள், ஏனென்றால் கடைசிக் கட்டில்களுக்கு நேரம் இருக்காது. எதற்காகச் சேர்ந்தார், இப்போது எப்படி இருக்கிறார், அடுத்த ஷிஃப்டில் என்ன பாக்கி, எது நடந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்: இந்த நான்கையும் சொல்லட்டும். சொல்லும்போதே டிரிப் லேபிளில் உள்ள மருந்தும் அளவும் பம்பில் ஓடும் வேகத்தோடு ஒத்துப்போகிறதா என்று வருகிறவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.

ஹேண்ட்ஓவர் அரைகுறையாவதற்குச் சோம்பல் காரணமில்லை, பஸ்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரிகளுக்குக் கடலூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர நேரமாகிவிடும். ரோஸ்டரிலேயே இரண்டு ஷிஃப்டும் 20 நிமிடம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நேரம் போடுங்கள். அதை வேலை நேரமாகவே கணக்கில் எழுதுங்கள்.

தவறு நடந்தால் எப்படிப் பேசுவது என்பதுதான் கடினமான பகுதி. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதலில் நோயாளியின் சர்க்கரையைப் பாருங்கள், டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். பிறகு அன்றைக்கே, கதவைச் சாத்திக்கொண்டு, "என்னம்மா நடந்துச்சு, ஆரம்பத்திலேர்ந்து சொல்லு" என்று கேளுங்கள். நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் திட்டினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது. கேட்டால் தெரியும்: இரண்டு வகைக் குப்பியும் ஃபிரிட்ஜில் ஒரே டிரேயில் இருந்திருக்கும். வார்டில் ஒரே வகையை மட்டும் வையுங்கள். இன்சுலினை இன்னொரு நர்ஸ் சரிபார்த்த பிறகே போட வேண்டும் என்று பழக்குங்கள்.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு ரோஸ்டரும் தேவை. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல் வரும் ஊர் இது. அக்டோபர் பிறக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யார், கைக்குழந்தை உள்ளவர்கள் யார் என்று குறித்து இரண்டு குழுவாகப் பிரித்து வையுங்கள். புயல் கரையைக் கடக்கும் முன்பே முதல் குழு மாற்றுடையோடு உள்ளே வந்துவிட வேண்டும். சாலை திறந்த பிறகு இரண்டாவது குழு. வென்டிலேட்டர் உள்ள ஒவ்வொரு கட்டிலிலும் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் ஒன்று தொங்கட்டும், கரண்ட் போய் வென்டிலேட்டரின் பேட்டரியும் கைவிட்டால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை அதுதான் மூச்சு.