ஒரு தளத்துக்கு ஓர் அலாரம் என்ற கணக்கு

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஆறு பேர் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் வீடு அது. சமையலறையின் உட்கூரையில் இருந்த புகை அலாரத்தின் மேல் யாரோ குளியல் தொப்பி ஒன்றை இழுத்து மாட்டியிருந்தார்கள். “மிளகாய் தாளித்தாலே கத்துகிறது அண்ணா” என்றார் மேல்தளத்துப் பையன். வீட்டுக்காரர் அவரைத் திட்டத் தொடங்கினார். எனக்கென்னவோ தவறு வீட்டுக்காரருடையது என்றுதான் பட்டது. சமையலறையில் புகை அலாரம் வைத்தால், குடியிருப்பவர்கள் அதன் வாயை அடைக்காமல் என்ன செய்வார்கள்? அங்கே வைக்க வேண்டியது வெப்ப அலாரம். தாளிப்புப் புகைக்கு அது அசையாது, சூடு ஏறினால்தான் ஒலிக்கும். ஆனால் அதையே அந்தத் தளத்தின் புகை அலாரமாகக் கணக்குக் காட்டவும் முடியாது. நடைவழியில் புகை அலாரம் தனியாக வேண்டும்.

“தளத்துக்கு ஒன்று வைத்துவிட்டேனே” என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல் சாதாரண வாடகை வீடுகளுக்கு அதுதான் குறைந்தபட்சம். பாய்லர் போல எரிபொருள் எரியும் நிலையான சாதனம் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும் என்பது 2022 அக்டோபரில் சேர்ந்தது. கேஸ் அடுப்புக்கு மட்டும் விலக்கு. மீறினால் அபராதம் 5,000 பவுண்டு வரை போகும்.

ஒரே குடும்பமாக இல்லாத மூன்று பேர் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டாலே அந்த வீடு எச்எம்ஓ, அதாவது பல குடும்பத்தவர் பகிர்ந்து வாழும் வீடு ஆகிவிடும். ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் உள்ளூர் கவுன்சிலின் உரிமம் கட்டாயம். 2018 அக்டோபருக்குப் பிறகு எத்தனை தளம் என்ற கேள்விகூட இல்லை. எந்த வகை அலாரம், எங்கெங்கே என்பதைக் கவுன்சில் உரிம நிபந்தனையில் எழுதித் தரும். அந்தத் தாளைப் படிக்காமலேயே கடைக்குப் போய்ப் பேட்டரி அலாரம் வாங்கி வருபவர்கள்தான் அதிகம்.

அந்த வீட்டில் ஒரு சோதனை செய்தோம். பையனை மேல்தள அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னோம். தொப்பியைக் கழற்றி, கீழே அலாரத்தின் பொத்தானை அழுத்தினேன். என் காது கிழிந்தது. அவர் இறங்கி வரவே இல்லை. முப்பது நிமிடம் தீயைத் தாங்கும் கதவு ஒலியையும் தடுக்கும் அல்லவா? பகலில் விழித்திருப்பவருக்கே கேட்கவில்லை என்றால், நள்ளிரவில் தூங்குபவருக்கு எப்படிக் கேட்கும்? அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கீழே ஒன்று ஒலித்தால் மேலே எல்லாம் ஒலிக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஓட வேண்டும், மின்சாரம் போனால் தாங்க உள்ளே பேட்டரியும் வேண்டும். வயர் இழுக்க மனமில்லாதவர்களுக்கு ரேடியோ இணைப்பு உண்டு. (ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளுக்குமே இணைப்பு அலாரம்தான் விதி.) மூன்று தளமும் அதற்கு மேலும் உள்ள பெரிய வீடுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு கூடிய முழு அமைப்புகூடத் தேவைப்படலாம். அதைத் தீ அபாய மதிப்பீடு சொல்லும். 2023 அக்டோபர் முதல் அந்த மதிப்பீடு முழுவதையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். “பார்த்துவிட்டேன்” என்று வாயால் சொல்வது செல்லாது.

புதிதாகக் குடிவரும் நாளன்று அலாரத்தைச் சோதிக்க வேண்டும் என்ற விதி உரிமம் தேவைப்படாத சிறிய பகிர்வு வீடுகளில் அடிக்கடி தவறிப்போகிறது. அறைக்கு ஒரு ஒப்பந்தம் என்றால், ஒவ்வொருவர் வரும்போதும் அது ஒரு முதல் நாள். வீட்டை வாங்கிய வருடம் ஒருமுறை அழுத்திப் பார்த்ததைச் சொல்லி இதில் தப்பிக்க முடியாது. சோதித்ததும் தேதியைக் குறித்து, வந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலறைக் கதவுக்கு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருந்ததையும் பார்த்தேன். அப்படி வைத்தால் தீத்தடுப்புக் கதவுக்குக் கொடுத்த காசு வீண். தீயில் தப்பிக்கும் வழியையும் அலாரத்தையும் ஒழுங்காக வைத்திருப்பது வீட்டை நிர்வகிப்பவரின் பொறுப்பு என்று 2006-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதில் தவறினால் 30,000 பவுண்டு வரை அபராதம் போடும் அதிகாரம் 2017-இல் கவுன்சில்களுக்கு வந்தது.

புகை அலாரத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். எப்போது மாற்ற வேண்டும் என்பது அதன் மேலேயே அச்சாகியிருக்கும். ஏணி வைத்து அந்த அலாரத்தைக் கழற்றித் திருப்பினோம். 2019 என்று இருந்தது.